ஏழாவது வண்டிக்குப் பழுப்பு வேண்டாம்

போஹுஷ்: இது நிலக்கரி ஏத்தற வண்டியா, இல்ல கல்யாணத்துக்குப் போற வண்டியா அத்தான்?

ராடிம்: ஏன், என்ன குறை?

போஹுஷ்: மினுமினுன்னு இருக்கே! உள்ளங்கை அளவு பொம்மைதான், அதுக்காக இப்படியா? நம்ம வண்டிங்க முப்பது வருஷம் கரி சுமந்ததுங்க.

ராடிம்: இன்னும் முடியலை மாப்ள. இப்பதான் துரு வெச்சிருக்கேன். அதுக்கு மேல கரி, கரிக்கு மேல மழை ஒழுகின கோடு... முதல்ல கண்ணாடியைப் போடு.

போஹுஷ்: கண்ணாடி எதுக்கு? முப்பத்தொரு வருஷம் இதுங்க அடியில குனிஞ்சு பார்த்தே என் முதுகு வளைஞ்சு போச்சு. என்கிட்ட பொய் அழுக்கைக் காட்டாதீங்க.

ராடிம்: அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்.

போஹுஷ்: வாத்துக் கறின்னுதானே கூப்பிட்டீங்க?

ராடிம்: அதுவும் உண்டு. உங்க அக்கா கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கா. அவ வந்தப்புறம்தான் சாப்பாடு.

போஹுஷ்: தனியாவா? இன்னைக்குக் கல்லறைத் திருநாள், ஊரே பூவும் மெழுகுவத்தியுமா அங்கதான் போகுது. நீங்க போகலையா?

ராடிம்: நான் போறதில்ல.

போஹுஷ்: ஆறு வருஷமா... ஒரு தடவைகூடவா?

ராடிம்: எந்த முகத்தோட போய்... விடு. அந்தப் பஞ்சை எடுத்துக் குடு.

போஹுஷ்: ம். இந்தாங்க... மொத்தம் எத்தனை வண்டி?

ராடிம்: எண்ணிக்கோ.

போஹுஷ்: ஒன்பது, பத்து... பதினொண்ணு. இந்த என்ஜின்... இருங்க. இந்த நம்பர்... அத்தான்! இது ஹினெக் ஓட்டின ரயிலா?

ராடிம்: கடைசியா ஓட்டினது. அதே என்ஜின், அதே பதினோரு வண்டி, அதே வரிசை.

போஹுஷ்: பைத்தியமா உங்களுக்கு? பெத்த பையன் செத்த ரயிலை மேசை மேல வெச்சுக்கிட்டு பெயின்ட் அடிச்சிட்டு இருக்கீங்களே...

ராடிம்: சனிக்கிழமை எங்க பொம்மை ரயில் சங்கத்துக் கண்காட்சி. பள்ளிக்கூட ஹால்ல அந்த மலைப்பாதையை அப்படியே போட்டிருக்காங்க. மேல சுரங்கத்து ஸ்டேஷன், அப்புறம் இறக்கம், ரயில் கவிழ்ந்த அந்தச் சர்க்கரை ஆலை வளைவு, கீழ நம்ம ஊரு. விசாரணைத் தாள்ல 'ஓட்டுநர் தாமதமாகப் பிரேக் போட்டார்'னு ஒரே வரியில என் பையனை முடிச்சுட்டாங்க. அவன் ரயில் ஒரு தடவையாவது அந்த வளைவைத் தாண்டி ஊர் வந்து சேரணும். நான் பார்க்கணும்.

போஹுஷ்: இது அக்காவுக்குத் தெரியுமா?

ராடிம்: இந்த அறைக்குள்ள அவ வர்றதில்ல. கேளு மாப்ள. நான் குத்துமதிப்பா அழுக்கு வைக்கறவன் இல்ல. எந்த நம்பர் வண்டியோ அந்த வண்டியோட போட்டோ, அதுவும் அந்த வருஷத்துப் போட்டோ வேணும் எனக்கு. பாலத்து மேல நின்னு ரயிலையெல்லாம் போட்டோ எடுக்கறானுங்களே, அவனுங்ககிட்ட கெஞ்சி வாங்கினேன். எட்டு வண்டிக்குக் கிடைச்சுது. ஏழு, எட்டு, பத்து... இந்த மூணுக்கும் இல்ல.

போஹுஷ்: அப்ப அந்த மூணையும் விட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?

ராடிம்: எனக்குத் தெரியும். மலை மேல நின்னு தினமும் அதுங்களைச் சோதிச்சவன் நீ. நீ சொல்லு, நான் பூசறேன்.

போஹுஷ்: எனக்கு ஞாபகம் இல்ல.

ராடிம்: உனக்கா? கல்யாண நாள் மறந்து போயி பொண்டாட்டிகிட்ட அடி வாங்கினவன் நீ. ஆனா வண்டி நம்பர் மறந்திருக்கியா?

போஹுஷ்: அடியெல்லாம் இல்ல. கரண்டியைத் தூக்கி எறிஞ்சா, அவ்வளவுதான்.

ராடிம்: சொல்லு. இந்த ஏழாவது?

போஹுஷ்: அது... இடது பக்கம் கரி அதிகம். ஏத்தற இடத்துல அந்தப் பக்கம்தான் கொட்டும். இல்ல இல்ல, இவ்வளவு இல்ல... மூலையில மட்டும். ஆங். அப்புறம் ஏணிக்கு மேல் படி பச்சை.

ராடிம்: பச்சையா?

போஹுஷ்: மஞ்சள் பெயின்ட் தீர்ந்து போச்சு. எங்க கொட்டகைக் கதவுக்கு வாங்கின பச்சையைக் கொண்டு போயி நானே அடிச்சேன்.

ராடிம்: அடப்பாவி! கம்பெனி வண்டிக்குக் கோழிக் கொட்டகைப் பெயின்டா?

போஹுஷ்: யாரு கேட்டா? கேட்கறதுக்கு ஒரு நாதி இருந்தாத்தானே... இன்னும் கொஞ்சம் வெளுத்த பச்சை. அதேதான். அட, அச்சு அசலா இருக்கே அத்தான்!

ராடிம்: சரி, இப்ப சக்கரம். பழுப்புப் பவுடர். முதல் ஆறு வண்டியைப் பாரு.

போஹுஷ்: கஞ்சத்தனமா தூவியிருக்கீங்க. நல்லா அப்புங்க. பிரேக் கட்டை சக்கரத்துல உரசி உரசித் தூளா பறக்கும். சக்கரத்தோட நிக்காது, மேல சட்டம் வரைக்கும் ஏறி ஒட்டிக்கும்.

ராடிம்: இவ்வளவு?

போஹுஷ்: இன்னும்... இன்னும்... ஆங்! அதுக்குப் பேருதான் அழுக்கு.

ராடிம்: இப்ப ஏழாவது...

போஹுஷ்: ஐயோ, அதுல பழுப்பு வேண்டாம்! எட்டுக்கும் பத்துக்கும்கூட வேண்டாம். அதுங்க வெறும் சாம்பல். பாதையோரப் புழுதி, அவ்வளவுதான். பழுப்பு போட்டா சுத்தப் பொய்யாயிடும்... என்ன? ஏன் பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டீங்க?

ராடிம்: பிரேக் பிடிக்கிற வண்டியிலதான் பழுப்பு பறக்கும்னு இப்பதானே சொன்ன. சொன்னியா இல்லியா?

போஹுஷ்: அத்தான்... நான் ஏதோ வாய் தவறி...

ராடிம்: வாய் தவறலை. தப்பான அழுக்கை உன்னால பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியாது. அதை நம்பித்தான் உன்னை இங்க உட்கார வெச்சேன். சொல்லு. அந்த மூணு வண்டியிலயும் பிரேக் இல்லியா?

போஹுஷ்: ...இல்ல.

ராடிம்: எத்தனை நாளா?

போஹுஷ்: ரெண்டு மாசம். பிரேக் போட்டா விடவே விடாது. கட்டை ஒட்டிக்கிட்டு சக்கரம் புகையும். புதுப் பாகம் வேணும்னு மூணு தடவை எழுதினேன், வரலை. அதனால... பிரேக்குக்குக் காத்து போற குழாயை அடைச்சுட்டேன்.

ராடிம்: தாள்ல என்ன எழுதின?

போஹுஷ்: விடுங்க அத்தான்...

ராடிம்: ஹினெக் கையில குடுத்தியே, பிரேக் தாள். அதுல என்ன எழுதின?

போஹுஷ்: பதினொண்ணும் பிடிக்குதுன்னு... எழுதிக் கையெழுத்து போட்டேன். உண்மையை எழுதினா மூணையும் கழட்டணும். ரயில் லேட்டாகும், மேலதிகாரி குதிப்பான். ரெண்டு மாசம் அப்படியேதான் போச்சு, ஒண்ணும் ஆகலை. அன்னைக்கு மழை. இலை விழுந்து தண்டவாளமெல்லாம் வழுக்கல்...

ராடிம்: விசாரணையில?

போஹுஷ்: வண்டி மேல வண்டி ஏறி நசுங்கிக் கிடந்துச்சு. எந்தக் குழாய் அடைச்சிருந்துச்சு, எது திறந்திருந்துச்சுன்னு யாரு பார்க்க முடியும்? என்கிட்ட கேட்டாங்க. எல்லாம் சரியா இருந்துச்சுன்னுட்டேன்.

ராடிம்: அதனால என் பையன் மேல எழுதிட்டாங்க.

போஹுஷ்: அன்னைக்கு வண்டி வண்டியா நடந்து பார்த்துட்டு, எல்லாம் சரின்னு கையைத் தூக்கிக் காட்டினேன் அத்தான். அவன் ஜன்னல்ல தலையை நீட்டி, 'மாமா, ஞாயித்துக்கிழமை வாத்து, மறந்துடாதே'ன்னு கத்தினான். அந்தக் குரல் என்னைத் தூங்க விடறதில்ல.

ராடிம்: ஆறு வருஷமா என் மேசையில உட்கார்ந்து சாப்பிட்டியேடா.

போஹுஷ்: ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வர்றேன். அக்கா தட்டுல கறியைப் போட்டு, 'நீயாவது இருக்கியே'ம்பா. தின்னுட்டுப் போயிடுவேன். நாய் மாதிரி... தின்னுட்டுப் போயிடுவேன்.

ராடிம்: அழாதே. உன் அழுகை எனக்கு எதுக்கு?

போஹுஷ்: ஆமா... உங்களுக்கு எப்படி என் மேல சந்தேகம் வந்துச்சு? யாருகிட்டயும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

ராடிம்: கேட் சத்தம். அவ வந்துட்டா.

போஹுஷ்: நல்லதாப் போச்சு. இப்பவே சொல்லிடறேன். அப்புறம் நாளைக்கு எங்க வேணுமோ போயி எழுதிக் குடுக்கறேன். ஹினெக் பேருல இருக்கற கறை போகட்டும்.

ராடிம்: உட்காரு.

போஹுஷ்: ஏன்?

ராடிம்: உட்காருடா! அவகிட்ட சொல்லாதே.

போஹுஷ்: இதை வரவழைக்கத்தானே பிரஷ்ஷும் கையுமா உட்கார்ந்திருந்தீங்க?

ராடிம்: ஆமா. வேற ஒருத்தன் பண்ணின தப்புன்னு என் காதால கேட்டா, என் நெஞ்சு கொஞ்சமாவது ஆறும்னு நினைச்சேன்... ஆறலை மாப்ள. இன்னும் மோசமாயிடுச்சு.

ஸ்தேனா: என்ன, ரெண்டு பேரும் இன்னும் அந்த அறையிலயா? கையைக் கழுவிட்டு வாங்க! அங்க ஒரே காத்து. ஹினெக் கிட்ட வெச்ச மெழுகுவத்தி நிக்கவே இல்ல, அஞ்சு தடவை ஏத்தினேன்.

ராடிம்: வர்றோம் ஸ்தேனா!

போஹுஷ்: என்ன அத்தான் மறைக்கறீங்க? நான் சொன்னா உங்களுக்கு என்ன?

ராடிம்: நீ சொன்னா நானும் சொல்லியாகணும். கிளம்பறதுக்கு முன்னாடி அவன் மலை மேல இருந்து எனக்குப் போன் பண்ணினான். 'அப்பா, பிரேக் பலமா இல்லாத மாதிரி தோணுது, மறுபடி சோதிக்கச் சொல்லட்டுமா'ன்னான். முப்பது வருஷம் ரயில் ஓட்டின அப்பன்கிட்ட கேட்டான். 'தாள்ல யாரு கையெழுத்து'ன்னேன். 'மாமா'ன்னான். 'அப்புறம் என்னடா பயம்... ரயிலை இறக்கு'ன்னேன்.