கோப்பை தர மறுத்த ஜுவான் கெர்மீன்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, சங்கத்தின் மூத்தோரே, முன்வரிசையில் கணவரை இழந்து அமர்ந்திருக்கும் பிரீஷா அம்மையாரே, பின்னால் நிற்கும் இளையோரே! வணக்கம். நாற்பத்து மூன்று சாகிற வயதா?

பீல் இளையோர் மாங்க்ஸ் மொழிச் சங்கத்தின் செயலாளர், பகலெல்லாம் சுவர் பூசி மாலையில் பாடம் நடத்திய நம் ஜுவான் கெர்மீன் போய்விட்டார். புற்றுநோய் அவரைத் தின்ற வேகத்தைப் பார்த்தோம். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் அவரைப் பிடித்ததா? இல்லை! இறந்துவிட்டார் என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் நடக்கும் பேச்சுப் போட்டியில் ஒரு பிள்ளை மேடையேறி, இந்தத் தீவின் அருகிவரும் தாய்மொழியான மாங்க்ஸில் நாலு வார்த்தை பேசினால் போதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையைக் கையில் கொடுத்துவிடுவது நம் வழக்கம். பேசியதே பெரிது என்போம். ஜுவான் நடுவராக அமர்ந்த ஆண்டு, கோப்பை யாருக்கும் இல்லை என்று அறிவித்தார். கூடமே கொதித்தது. பதினைந்து வயது வோரி குவில்லீஷ் மேடையிலேயே அழுதாள். அவள் தந்தை எழுந்து, "பிடிக்கலைன்னா காலையில கப்பல் இருக்கு, ஏறிப் போய்யா" என்றார். இந்தத் தீவில் ஒருவனை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா?

ஜுவான் அசையவில்லை. "ஒப்பிச்சதுக்கெல்லாம் பரிசு குடுத்தா, இந்தப் புள்ளைக்கு இவ்வளவுதான் வரும்னு நாமளே முடிவு கட்டின மாதிரிங்க. இவளால இதுக்கு மேல முடியும்" என்றார்.

அடுத்த வியாழன் வோரி அவர் வகுப்புக்கு வந்தாள். எதற்கு? அவரைத் திட்ட! மாங்க்ஸ் சொற்கள் பாதியில் தீர்ந்துபோக, ஆங்கிலத்துக்குத் தாவினாள். ஆங்கிலத்தில் திட்டினால் தனக்கு உறைக்காது என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார் ஜுவான். பிறகு ஆண்டுக்கணக்கில் அவள் வந்தாள், சண்டை போட்டாள், கற்றாள். கடைசியில் அதே கோப்பையை அவர் கையாலேயே வாங்கினாள்.

சென்ற மாதம் மருத்துவமனையில் நான் அருகில் இருந்தேன். வகுப்பை நீ எடுத்துக்கொள் என்று, பார்க்க வந்த வோரியிடம் கேட்டுக்கொண்டார். அவள் மறுத்தாள். இங்கே குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை, லிவர்பூலில் வேலை கிடைத்திருக்கிறது, உங்கள் ஆசைக்கு என் வாழ்க்கையா என்று கேட்டாள். முழுக்க மாங்க்ஸில் கேட்டாள், ஓரிடத்திலும் நாக்குத் தடுமாறவில்லை. அழுதுகொண்டே வெளியேறினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எப்படிப் பேசறா பாத்தீங்களா... இவளைப் போய் நான் எப்படித் தடுக்கிறது?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

அன்பர்களே! வோரி நாளை புறப்படுகிறாள். அவளை யாரும் குறை சொல்லாதீர்கள்! குடியிருக்க ஓர் அறைகூடத் தராத ஊருக்கு அந்த உரிமை உண்டா?

வகுப்பு நின்றுவிடுமா? நிற்காது! ஜுவான் பெயரால் சொல்கிறேன், வியாழக்கிழமை கூடத்தை நான் திறப்பேன். என் மாங்க்ஸ் அரைகுறை என்பது ஊருக்கே தெரியும். இளையோரே, என்னைத் தாண்டிப் போக உங்களுக்கு அதிக நாள் ஆகாது. தாண்டிப் போங்கள்! அதற்குப் பிறகு உங்கள் பிழையைத் திருத்த இந்த ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அது தெரிந்தே வாருங்கள்.