தலையாட்டும் கார்டு

மெமரி கார்டு வாங்கும்போது பெரும்பாலானவர்கள் அதன்மேல் அச்சடித்திருக்கும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். கேமராவுக்கு அது சரி. கேமரா ஒரு படத்தை ஒரே மூச்சில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். எங்கள் வேலை வேறு. குளிர் அறையின் கதவையும் வெப்பநிலையையும் கவனித்துக்கொள்ளும் உள்ளங்கை அளவு மின்னணுப் பலகை, நாளெல்லாம் துளித்துளியாக எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். மின்சாரம் வந்ததும், தான் யார், என்ன செய்ய வேண்டும் என்பதையே அது கார்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். கார்டு சரியில்லை என்றால் பலகை வெறும் தகடு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐயா, நேற்றிலிருந்து நீங்கள் ‘கோளாறு’ என்றே சொல்லி வருகிறீர்கள். கோளாறு எதுவும் நடக்கவில்லை. அந்தக் கார்டை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

மாமாவின் பட்டறையில் கார்டு என் பொறுப்பு. மாமா என்றால் அக்காவின் கணவர். பெற்றோர் போனபின் அக்கா என்னைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். கீழே பட்டறை, மேலே வீடு. என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தெருவுக்கு இறங்க ஒரே படிதான். அது மாமாவின் மேசைக்கு முன்னால் போய் முடியும். அவர் தலையைத் தூக்கி, “எங்கப்பா கிளம்பிட்ட?” என்பார். சொன்னால் “சரி” என்பார். ஒருநாளும் தடுத்ததில்லை, உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. மாலை வகுப்புக்குக்கூட.

புதுப் பெட்டி வந்தால் அதிலிருந்து சில கார்டுகளை எடுப்பேன். ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவேன். மறுபடி செருகுவேன். மறுபடி பிடுங்குவேன். எனக்கு என்மேலேயே நம்பிக்கை குறைவு என்பதால், தேறிய கார்டையும் இன்னொரு முறை பார்ப்பேன். சில கார்டுகள் அங்கேயே படுத்துவிடும். அவற்றால் ஆபத்தில்லை, செத்தது தெரிந்துவிடுகிறது. சில போலிகள், சொன்ன கொள்ளளவில் பாதிகூட இருக்காது. நிரப்பிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். மோசமானது இன்னொரு வகை. உள்ளுக்குள் தேய்ந்து, இனி எதையும் ஏற்க முடியாது என்ற நிலைக்கு வந்திருக்கும், ஆனால் வெளியே காட்டிக்கொள்ளாது. எழுது என்றால் எழுதிவிட்டேன் என்று சொல்லும். மின்சாரம் போய்த் திரும்பினால் எழுதியது எதுவும் இருக்காது. என்றோ ஒருநாள் இருந்த பழைய நிலையிலேயே கண் விழிக்கும்.

மாமா அதற்குப் பெயரே வைத்திருந்தார். “இது புது மாப்பிள்ளை கார்டுடா. சொன்னதுக்கெல்லாம் தலையாட்டும், மண்டையில ஒண்ணும் நிக்காது.”

அக்கா உள்ளிருந்து, “அப்போ பழைய மாப்பிள்ளை கார்டு?” என்றாள்.

“அது தலையும் ஆட்டாது.”

அன்று நானும் சிரித்தேன். கெட்ட கார்டை இடுக்கியால் மடித்துக் குப்பையில் போடுவது எங்கள் வழக்கம். அந்தக் கார்டை நான் மடிக்கவில்லை. ஏனென்று எனக்கே தெரியாது என்று உங்களிடம் சொல்லிவிடலாமா என்று இங்கே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மாலை வகுப்பு மேடம் ஒரு வேலையைப் பற்றிச் சொல்லியிருந்தார். வேறு ஊர், பெரிய பரிசோதனைக் கூடம், இதே வேலை. “வர்றியா இல்லையான்னு சீக்கிரம் சொல்லு. இடம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.” எனக்கு ஆசை. ஆனால் வீட்டு நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். சாப்பிடும்போது மாமா அக்காவிடம், “இவன் மட்டும் இல்லேன்னா, கடையை மூடிட்டு உன்கூட உக்காந்து காய் நறுக்க வேண்டியதுதான்” என்பார். வருகிறவர்களிடமெல்லாம், “கார்டு விஷயத்துல என் மச்சினன் சொன்னா சொன்னதுதான்” என்பார். எனக்கென்று முதுகுக்கு இதமான சுழல் நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டார். அதில் உட்கார்ந்த அன்று எனக்கு மூச்சு முட்டியது. அன்பாக இருப்பவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது? கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம்.

பிறகு அந்தக் கிடங்கு வேலை வந்தது. உறைய வைத்த இறைச்சியை அடுக்கும் அறை. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், தாழ் தானாக விழும். உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வர ஒரு பொத்தான் உண்டு. பட்டறையிலிருந்து பலகையை அனுப்பும்போது அந்தப் பொத்தானை அணைத்தே அனுப்புவோம். இயக்கத்தில் இருந்தால், கம்பி இணைக்கும்போது கதவு தானாகத் திறந்து தொல்லை கொடுக்கும். இடத்தில் எல்லாம் முடிந்தபின் இயக்கி வைப்போம். அதாவது, அந்தக் கார்டில் தங்கியிருந்த பழைய நிலை என்றால் பொத்தான் வேலை செய்யாத நிலை.

மாமா பார்க்க, கிடங்குக்காரரும் பார்க்க, நான் பொத்தானை இயக்கினேன். பலகை ஏற்றுக்கொண்டது. மாமா உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது, பொத்தானை அழுத்தினார், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “பாத்தீங்களா? உள்ள மாட்டிக்கிட்டு என் மச்சினனைத் திட்டலாம்னா அதுக்கு வாய்ப்பே கிடைக்காது.” கிடங்குக்காரருக்குத் திருப்தி. மறுநாள் கிடங்குக்கு விடுமுறை என்றும், முடித்துவிட்டுச் சாவியைத் தன் வீட்டில் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அதன்பின் மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. குளிரூட்டும் இயந்திரத்துக்குத் தனி இணைப்பு, அது நிற்கவில்லை. எங்கள் பலகை மட்டும் அணைந்து எழுந்தது. மாமா வண்டியில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

திரும்பி வந்தவர், “வெப்பமானியை இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்று கைப்பேசியை வெளியே இருந்த மேசைமேல் வைத்தார். அந்தக் குளிரில் அது அணைந்துபோகும். யார் உள்ளே போனாலும் கதவிடுக்கில் மரக்கட்டை ஒன்றை வைப்போம். நான் அதைக் கையில் எடுத்தேன். இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். “கட்டை வைக்கட்டுமா மாமா?” என்று கேட்டேன்.

“நீ போட்ட கார்டுக்குக் கட்டை வேறயா? மானம் போயிடும்டா.”

கதவு சாத்திக்கொண்டது.

சுவர் தடிமனானது, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் கேட்டது சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். பிறகு, “டேய், உன் மாப்பிள்ளை மறந்துட்டான்டா! வெளியேருந்து திற!” என்றார். வெளியே ஒரு விசை இருக்கிறது. கை எட்டும் தூரம். சற்று நேரம் தட்டும் சத்தம் வந்தது. சோதனையின் பாதியில் குறுக்கிடக் கூடாது என்பது என் பழக்கம். கார்டு எதிர்பார்த்தபடிதான் நடந்துகொண்டது. நான் கையைக் கழுவினேன், கட்டையை அதன் இடத்தில் வைத்தேன், அவர் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன், கிடங்கைப் பூட்டினேன். தெருவில் நடக்கும்போது, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

வகுப்புக்குப் போனேன். தாமதமாகவில்லை. பாடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்டுத் தெளிந்துகொண்டேன். முடிந்ததும் மேடம், “என்ன முடிவு பண்ணின?” என்றார். “வீட்டுல இன்னும் பேசல மேடம்” என்றேன்.

வெளியே வந்தபோது அக்கா அழைத்தாள். “மாமா எங்கடா? போன் அணைஞ்சு கிடக்கு.”

“வேற யாரையோ பாக்கணும்னு போனாருக்கா.”

“அவரு எப்பவும் இப்படித்தான். நீயாவது நேரத்துக்கு வந்து சாப்பிடு.”

நேரத்துக்குப் போனேன். சாப்பிட்டேன்.

மின்சாரம் போய் வந்தது என்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். பிளக்கை நான்தான் பிடுங்கினேன், நான்தான் செருகினேன். பட்டறையில் செய்வது போலவே.

அந்த வேலையைப் பற்றி மாமாவிடம் எப்போது பேசினேன் என்று கேட்கிறீர்கள். பேசவில்லை. அவர் விடமாட்டார் என்று எப்படித் தெரியும் என்கிறீர்கள். தெரியும், அவ்வளவுதான். எதையும் சோதிக்காமல் நம்பாதவன் இதை மட்டும் ஏன் சோதிக்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “சரி” என்றுதான். அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? அப்புறம் போகாமல் இருக்க நான் என்ன காரணம் சொல்லியிருப்பேன், ஐயா?