கதவைத் தட்டச் சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கையில் மலர்வளையத்தோடு வந்திருக்கும் வார்டு அலுவலர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஐயாவின் மகளே, உட்கார நாற்காலி இல்லாமல் ஜன்னலோரம் நிற்கும் எங்கள் தெருக்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். படியேறும்போது சங்கச் செயலாளர் என் காதருகே வந்து, "அக்கா, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க, அரசியல் மட்டும் வேண்டாம்" என்றார். சரி தம்பி. அந்த இரண்டு நல்ல வார்த்தையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பூட்டுக் கடை சாவி ஐயா நேர்மையானவர். நம் சாவி ஐயா யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆயிற்று. மிச்ச நேரம் என்னுடையது.

எனக்கு முன்னால் அலுவலர் அவர்கள் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். ஐயாவைப் பதினோரு முறை "தியாகி" என்றார்கள். எண்ணினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் அடுப்படியில் நானாகப் படித்தது. எதையும் எண்ணிக் குறித்துவைப்பது எனக்குப் பழக்கம். பதினோரு முறை தியாகி. ஆனால் அந்தத் தியாகியின் கடைக் கதவில் ஐந்து மாதமாகத் தொங்குகிறதே ஓர் அரக்கு முத்திரை, அதைப் பற்றி எத்தனை முறை சொன்னார்கள்? ஒரு முறை? அரை முறை? இல்லவே இல்லை!

அவர் எப்படித் தியாகி ஆனார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்நியன் ஆண்ட காலம். ஐயாவுக்குப் பத்தொன்பது வயது. பூட்டுக் கடையில் வேலை. ஒருநாள் போலீஸ்காரர்கள் அவரை ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். வீடு பூட்டியிருக்கிறது, அந்த அம்மா வெளியூர் போயிருக்கிறார். உள்ளே துண்டுப் பிரசுரங்கள் இருப்பதாகத் தகவல்.

"திறடா" என்றான் அதிகாரி.

"வீட்டுக்காரம்மா எங்க?"

"அதைக் கேக்க நீ யாரு?"

"பூட்டுக்காரன்."

இவ்வளவுதான் பேச்சு. பளாரென்று ஓர் அறை விழுந்தது. கடப்பாரையால் கதவைப் பிளந்து உள்ளே போனார்கள், பிரசுரங்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். டீச்சரம்மாவுக்கு இரண்டு வருடம். திறக்க மறுத்த இவருக்குப் பதினோரு மாதம்.

நான் ஒருநாள் அவரிடம் கேட்டேன். "ஏன் ஐயா, அவன்தான் எப்படியும் உள்ள போயிட்டானே. நீங்க வீம்பு பிடிச்சு என்ன ஆச்சு? ஜெயில்ல களி தின்னதுதான் மிச்சம்."

அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் உடைச்சான்மா. உடைஞ்ச கதவை ஊரே வந்து பாத்துச்சு. நான் சத்தமில்லாம திறந்து விட்டிருந்தா, கதவு திறந்தே கிடந்துச்சுன்னு எழுதிட்டுப் போயிருப்பான். உடைச்சா தழும்பு இருக்கும். சாவி போட்டா ஒரு கீறல்கூட இருக்காது."

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். விளங்கியபோது என் தலையே குனிந்துவிட்டது. அதற்கு வருகிறேன்.

அவர் கடைக்கு ஒரு விதி இருந்தது. சொந்தக்காரர் வாயால் சொல்லாமல் எந்தப் பூட்டையும் தொடமாட்டார். நம் தெரு தையல்காரர், இதோ அந்த மூலையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், ஒருநாள் மனைவியின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். "ஐயா, இதைக் கொஞ்சம் திறங்க, என் பெட்டிதான்." ஐயா பெட்டியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "உன் பெட்டின்னா உள்ள என்ன இருக்குன்னு சொல்லு." "அது தெரியாமத்தானே திறக்கச் சொல்றேன்!" "அப்ப இது உன் பெட்டி இல்ல. அவங்களைக் கூட்டிட்டு வா. இல்ல, பெட்டியை எடுத்த இடத்துல வச்சிட்டு, நல்ல புருஷனாட்டம் உக்காரு." தையல்காரர் பெட்டியோடு திரும்பி நடந்ததைத் தெருவே பார்த்தது. புருஷனுக்கே அந்தக் கதி என்றால், அலுவலர் அவர்களே, ஊர் வீட்டுச் சாவியெல்லாம் கேட்ட உங்களுக்கு எப்படித் திறப்பார்?

போன வருடம் நம் தெருக் கடைசி வீட்டில் தனியாக இருந்த அம்மா கட்டிலிலேயே இறந்துபோனார். மூன்றாம் நாள்தான் தெரிந்தது. கதவைத் திறந்தவர் ஐயாதான். அப்போதும் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, அவர் "திறங்க ஐயா" என்று அழுத பிறகு, பக்கத்து வீட்டார் இருவரைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டுத்தான் பூட்டில் கை வைத்தார். அடுத்த மாதமே வார்டு அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு வீட்டின் வாசல் சாவிக்கும் ஒரு நகல் அலுவலகத்தில் இருக்க வேண்டுமாம். ஆபத்துக்கு உதவுமாம். எல்லாம் நம் பாதுகாப்புக்காகவாம்!

எதிர்த்தோமா? இல்லை. வரிசையில் நின்று கொடுத்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வரிசையை ஒழுங்கு பண்ணியவளே நான்தான். வீட்டு எண், பெயர், எந்தக் கதவு, அலுவலகத்தில் எந்தக் கொக்கியில் மாட்டுவது என்று கோடு போட்டுப் பட்டியல் எழுதினேன். ஒவ்வொரு சாவிக்கும் தகட்டு வில்லை கட்டினேன். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நாடு எங்கயோ போயிடும்மா" என்று இதே அலுவலர் அவர்கள் பாராட்டினார்கள். அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

நகல் வெட்டித் தரச் சொல்லி ஐயாவிடம்தான் முதலில் போனேன்.

"எந்தச் சட்டம்மா?" என்றார்.

"சர்க்கார் சொல்லுது ஐயா."

"சர்க்கார் சொல்றது வேற, சட்டம் சொல்றது வேற. சட்டத்தோட நம்பரை வாங்கிட்டு வாங்க. படிச்சுப் பாத்துட்டு வெட்டித் தர்றேன்."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் குறுக்குச் சால்தான். நம்ம சர்க்கார்தானே ஐயா! அந்நியனா?"

அப்போது அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "நம்ம சர்க்கார்தான். ரோடு போடட்டும், தண்ணி விடட்டும், திருடனைப் பிடிக்கட்டும். நான் வரி கட்டறேன், வரிசையில நிக்கறேன். ஆனா என் வாசப்படி வரைக்கும்தாம்மா அது. அதுக்கு மேல வரணும்னா தட்டணும். அந்நியன் தட்டாம வந்தான்னுதானே அவனைப் போகச் சொன்னோம்? நம்மாளு தட்டாம வரலாம்னா, நான் எதுக்கு ஜெயிலுக்குப் போனேன்?"

எனக்குக் கோபம் வந்தது. கடைத்தெருவில் வேறொரு ஆளிடம் கொடுத்து வெட்டிக்கொண்டேன். நம் தெருவில் இருநூற்றுப் பதிமூன்று வீடுகள். இருநூற்றுப் பன்னிரண்டு சாவிகள் போயின. ஐயாவின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். என் கையால் போட்டேன்!

மூன்று மாதம் கழிந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் மதியம் வீடு திரும்பினேன். பூட்டியது பூட்டியபடியே இருந்தது. திறந்து உள்ளே போனால் மேசைமேல் ஒரு சீட்டு: "ஆய்வு முடிந்தது." என்ன ஆய்வு? யார் வந்தார்கள்? எத்தனை பேர்? அலமாரித் துணிகளெல்லாம் கலைந்து கிடந்தன. நான் தினமும் விழுந்து கும்பிடும் சாமி படத்தை எடுத்துப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு, முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் தெய்வத்தை மூலையில் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள்!

கதவில் ஒரு கீறல் இல்லை. யாரிடம் போய்க் காட்டுவேன்? எதைக் காட்டுவேன்? ஐயா அன்று சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு விசாரித்தால், வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறோம் என்று சரிபார்த்தார்களாம். அலுவலர் அவர்களே, சாமி படத்துக்குப் பின்னால் எத்தனை பேர் குடியிருப்பார்கள்?

அழுதுகொண்டே ஐயாவின் கடைக்கு ஓடினேன். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளிடம் பையை எடுக்கச் சொல்லிவிட்டு, "பூட்டை மாத்திடலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார். வேலை நடக்கும்போது சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குக் கும்பிடற பழக்கம் இல்ல. ஆனா உங்க சாமிகிட்ட ஒண்ணு எனக்குப் பிடிக்கும். எங்க வேணா நுழையக்கூடியவருன்னு சொல்றீங்க, ஆனாலும் கூப்பிட்டாத்தான் வர்றாரு. இந்த ஆபீசருங்க அவரைவிடப் பெரியவங்களா?"

என் வீட்டுப் பூட்டை மாற்றினார். அதைப் பார்த்து இன்னும் நான்கு வீட்டார் மாற்றினார்கள். ஐந்தாம் நாள் அவர் கடைக்குச் சீல்! பொதுப்பணிக்கு இடையூறாம்! இடுக்கி, அரம், சாவி வெட்டும் இயந்திரம் எல்லாம் உள்ளே. அப்பாவும் மகளும் வெளியே. என் பூட்டை மாற்றியதற்காக அவர் கடையைப் பூட்டினார்கள். இதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?

அரக்கை உரித்துத் திறக்க அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா? திறக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் மனுவோடு போனார். எழுதிக் கொடுத்ததும் கூடப் போனதும் நான். பத்தொன்பது திங்கட்கிழமை. தேதியும் பதிலும் என்னிடம் இருக்கின்றன. "சார் லீவு." "ஃபைல் மேல போயிருக்கு." "இந்த ஃபாரம் இல்ல, நீல ஃபாரம்." ஏழாவது வாரம் ஒரு குமாஸ்தா, "பெரியவரே, பூட்டுக்காரரே வந்து பூட்டைத் திறந்து விடுங்கன்னு கேக்கலாமா?" என்று சிரித்தான். ஐயாவும் கூடவே சிரித்தார். "நான் திறந்தா திருட்டு தம்பி. நீங்க திறந்தா நியாயம். அதான் கேக்கறேன்."

பத்தொன்பதாவது திங்கட்கிழமை. டோக்கன் நாற்பத்தொன்று. ஒரு பிரதி குறைகிறதென்று என்னை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினார்கள். திரும்பி வரும்போது வாசலிலேயே குரல் கேட்டது. "நாப்பத்தொண்ணு! நாப்பத்தொண்ணு யாருப்பா? இல்லையா? நாப்பத்திரெண்டு!" ஐயா பெஞ்சில்தான் இருந்தார். சுவரில் தலை சாய்ந்திருந்தது. டோக்கன் கையில் இருந்தது. உயிர் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். நாற்பத்திரண்டாம் எண்காரர் எழுந்து போய்க் கவுண்டரில் நின்றார்.

அலுவலர் அவர்கள் எழுந்துகொள்வது தெரிகிறது. உட்காருங்கள் சார்! எங்கள் ஐயா பத்தொன்பது திங்கட்கிழமை உங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். நீங்கள் இன்னும் இரண்டு நிமிடம் எங்கள் நாற்காலியில் உட்காருங்கள்.

எங்கள் தெருவுக்கு ஐயாவின் பெயரை வைப்பதாக அறிவித்தீர்கள். யார் கேட்டது? முதலில் கடைக் கதவில் இருக்கும் உங்கள் முத்திரையை எடுங்கள். அவர் மகள் நாளைக்கு வேலை செய்ய வேண்டும், சாப்பிட வேண்டும். பெயர்ப்பலகை அதற்குப் பிறகு. அந்நியன் அடைத்த ஜெயிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவீர்கள், நீங்கள் அடைத்த கடையைப் பற்றிப் பேச வாய் வராதா? இது என்ன மரியாதை? இது யாருக்குச் செய்யும் மரியாதை?

தெருக்காரர்களே, அலுவலரை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. கேட்டதும் கொடுத்தது யார்? நாம்தானே! அந்நியன் அதிகாரியாக இருந்தபோது பத்தொன்பது வயதுப் பையன் கேட்ட கேள்வியை, சுதந்திர நாட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம் கேட்கவில்லை. நல்லதுக்குத்தானே என்றோம். நம்ம ஆட்கள்தானே என்றோம். நம்மவர் என்றால் தட்டிவிட்டு வரமாட்டாரா?

சுதந்திரம் என்பது அன்றொரு நாள் வாங்கி முடிந்துபோன விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். ஐயா அப்படி நினைக்கவில்லை. யார் ஆண்டாலும் அவனிடம் "எந்தச் சட்டம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் எந்தப் பெரிய படிப்பாளியைவிடவும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நாளை திங்கட்கிழமை. பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும். யாரும் கோஷம் போட வேண்டாம், யார் மேலும் கை வைக்க வேண்டாம், ஒரு கண்ணாடி உடையக் கூடாது. ஆளுக்கொரு டோக்கன் வாங்குவோம். ஆளுக்கொரு மனு கொடுப்போம். என் சாவியை எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறீர்கள்? சட்டம் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் சாவியைக் கொடுங்கள். கூடவே, ஐயாவின் கடையைத் திறங்கள். சாவி வரும்வரை, கடை திறக்கும்வரை, அடுத்த திங்கட்கிழமையும் போவோம். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போவோம். இது நான் ஐயாவின் மகள் முன்னால், நான் கும்பிடும் சாமியின் பேரால் எடுக்கும் உறுதி.

மனுக்கள் வாசல் மேசைமேல் இருக்கின்றன. இருநூற்றுப் பன்னிரண்டும் என் கையெழுத்திலேயே எழுதிவிட்டேன், பெயர் மட்டும் நீங்கள் போட வேண்டும். அன்றைக்குச் சாவி கொடுத்த வரிசையில் முதல் ஆள் நான். நாளைக்குக் கேட்கும் வரிசையிலும் நான்தான் முதல் ஆள். எனக்குப் பின்னால் யார் நிற்கப் போகிறீர்கள் என்பதை, வெளியே போகும்போது நீங்களே எழுதிவிட்டுப் போங்கள்.