இரண்டாவது ஈசிஜி

டாக்டர்: ...அதனாலதான் சொல்றேன், இன்னிக்கு நீங்க பஸ் எடுக்கக் கூடாது.

டிரைவர்: டாக்டரம்மா, சாயங்கால டிரிப்புல நாப்பது பேர் ஏறுவாங்க...

டாக்டர்: அந்த நாப்பது பேருக்காகவும்தான் சொல்றேன். சாவியை மேஜையில வைங்க.

டிரைவர்: லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு பேப்பர் கேட்டாங்கன்னு வந்தேன். பொழப்புக்கே உலை வைக்கிறீங்களே!

டாக்டர்: பொழப்பை அப்புறம் பார்ப்போம். இதைப் பாருங்க, போன வாரம் கீழ லேப்ல எடுத்த உங்க ஈசிஜி. முள்ளு மாதிரி நிக்குதே, அது இதயம் துடிக்கற இடம். பக்கத்துல இருக்கற மேடு, அடுத்த துடிப்புக்குத் தயாராகற இடம். முள்ளு தொடங்கி மேடு முடியறதுக்குள்ள பத்து, பதினொரு சின்னக் கட்டம் வரைக்கும் இருக்கலாம். எண்ணுங்க.

டிரைவர்: ...பதினொண்ணு... பன்னிரண்டு... பதிமூணு.

டாக்டர்: மெஷின் கணக்கை நம்பாம நானே ஸ்கேல் வச்சு மூணு தடவை அளந்தேன்.

டிரைவர்: ரெண்டு கட்டம்தானே டாக்டர் அதிகம்? என்னமோ ரெண்டு மைல் மாதிரி சொல்றீங்க...

டாக்டர்: விளையாடாதீங்க. அந்த ரெண்டு கட்டத்துலதான் ஆபத்தே. துடிப்பு தாறுமாறாச்சுன்னா ஆளு பொத்துனு விழுந்துடுவார். உங்க அக்கா சின்ன வயசுலேயே இறந்துட்டாங்கன்னு சொன்னீங்களே, எப்படிப் போனாங்க?

டிரைவர்: பஸ்ஸைப் பிடிக்க ஓடினா. ஏறி உக்காந்தா... அவ்வளவுதான். முப்பது வயசு.

டாக்டர்: பரம்பரையா வர்ற கோளாறு இது. கூடப்பொறந்தவங்க வேற யாரு?

டிரைவர்: தம்பி... ஒருத்தன்.

டாக்டர்: அவருக்கும் ஈசிஜி எடுத்தாகணும்.

டிரைவர்: அவனுக்கென்ன டாக்டர், குத்துக்கல்லாட்டம் இருக்கான்!

டாக்டர்: பார்த்தா எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க. என்ன வேலை பண்றார்?

டிரைவர்: நீச்சல் சொல்லிக் குடுக்கறான்.

டாக்டர்: ஐயோ...

டிரைவர்: ஏன்... ஏன் டாக்டர் ஐயோங்கறீங்க?

டாக்டர்: இந்தக் கோளாறு இருக்கறவங்களுக்கு ஓட்டத்தைவிட நீச்சல் மோசம். டெஸ்ட் பண்ற வரைக்கும் அவர் தண்ணியில இறங்கவே கூடாது. என்னங்க, இப்படி வேர்க்குது? மயக்கமா வருதா?

டிரைவர்: ஒரு போன்... ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன்.

டாக்டர்: பண்ணுங்க. நான் மெஷினை இழுத்துட்டு வர்றேன். இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்.

டிரைவர்: வேண்டாம் டாக்டர்! எதுக்கு இன்னொண்ணு?

டாக்டர்: அட, ஊசியா போடப் போறேன்? ...என்ன, எடுத்தாங்களா?

டிரைவர்: மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.

டாக்டர்: வீட்டம்மா ஏதாவது வேலையா இருப்பாங்க. சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க. ஜில்லுனு இருக்கும். கையை ஏன் இப்படி இறுக்கறீங்க? தளர விடுங்க.

டிரைவர்: டாக்டர்... தண்ணிக்குள்ள இருக்கறப்ப வந்துட்டா? கொஞ்ச நேரத்துல தானா சரியாகிடாதா?

டாக்டர்: யாராவது உடனே பார்த்துத் தூக்கினாத்தான் உண்டு. பேசாதீங்க, கோடு ஆடுது.

டிரைவர்: சீக்கிரம் முடிங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்...

டாக்டர்: இருங்க... இதென்ன? ஒன்பது... பத்து. பத்துதான்! இன்னொரு தடவை அளக்கறேன். ...பத்தேதான்! மனுஷா, எந்திரிங்க. போன வாரத்துக் கோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை! நல்ல சேதி சொல்றேன், எதுக்கு அழறீங்க? இன்னும் ஒண்ணு ரெண்டு டெஸ்ட் பார்க்கணும், ஆனாலும் பாதி பயம் போச்சு. லேப்ல யாரோடதையோ உங்க பேருல மாத்தி வச்சிருக்காங்க. இப்பவே அவங்களை ஒரு வழி பண்றேன்.

டிரைவர்: அவங்களைத் திட்டாதீங்க டாக்டர்.

டாக்டர்: பின்னே கொஞ்சச் சொல்றீங்களா? பதிமூணு கட்டத்தோட ஒரு ஆளு, தனக்கு என்னன்னே தெரியாம எங்கேயோ நடமாடிக்கிட்டிருக்கார். அவரை நான் எங்க போய்த் தேடுவேன்?

டிரைவர்: தேட வேண்டாம்மா... எனக்கும் அக்கா மாதிரி ஏதாவது இருந்து வேலை போயிடுமோன்னு பயந்துக்கிட்டு, என் பேரைச் சொல்லிப் படுத்துட்டு வாடான்னு தம்பியை நான்தான் அனுப்பினேன். இப்ப குளத்துலதான் இருப்பான். நாலு தடவை போன் அடிச்சுட்டேன் டாக்டர், எடுக்க மாட்டேங்கறான்...