வெள்ளைக் குறி போட்ட மக்னோலியா

பசுமை காத்த பண்பினரே, பட்டைக்குள் உயிர் பார்த்த கண்ணினரே, முப்பத்தொரு ஆண்டுகள் இப்பூங்காவின் கதவை முதல் ஆளாய் வந்து திறந்த தலைமைத் தோட்டக்கார அம்மையே, வணக்கம்!

ஓர் இலையின் பெயரைக் கேட்டால் அதன் குலம், குணம், கோபம் அனைத்தையும் இடுப்பில் கைவைத்து அரைமணி நேரம் சொல்லும் அன்பர் நீங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த 'நகத்தம்மா' என்னும் பட்டத்தை இன்று முகத்துக்கு நேரே சூட்டுகிறோம். அது வந்த கதையை அவை அறியட்டும்.

பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய குளிர்காலம் அது. பைனும் சைப்ரஸும் பச்சைப்பசேலென நின்ற வரிசையில், நீங்கள் நட்ட மக்னோலியா மட்டும் ஓர் இலையுமின்றி நின்றது. நட்டு ஒன்பது ஆண்டாகியும் அது ஒரு பூவைக் காட்டியதில்லை. பட்டுப்போன மரங்களை அடையாளமிடச் சொன்னார்கள். நாங்களும் முன்பின் யோசிக்காமல் அதன்மேல் சுண்ணாம்பால் குறி போட்டோம். ரம்பமும் வந்துவிட்டது.

ஓடி வந்த நீங்கள் ஒரு சுள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் கீறினீர்கள். உள்ளே பச்சை தெரிந்தது. "பைன் பழைய ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமா உதிர்க்கும், அதான் எப்பவும் பச்சையா தெரியுது. இது மொத்தத்தையும் கழட்டிப் போட்டுட்டுத் தூங்குது. தூங்கறவங்களைப் போய் வெட்டுவீங்களா?" என்றீர்கள். பூங்காக் கண்காணிப்பாளர் மசியவில்லை. கோடை வெயில் ஏறுவதற்குள் மரம் உயிர் காட்டாவிட்டால் நானே வெட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தீர்கள்.

நாங்கள் இலைக்குக் காத்திருந்தோம். அதுவோ இலைக்கு முன்பே, வெறுங்கிளை கொள்ளாமல் பூத்தது. அன்று நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி மூக்கைச் சிந்தினீர்கள். ஜலதோஷம் என்றீர்கள், நம்பினோம்.

பைனுக்குப் பூ கிடையாது, அதன் விதை கூம்புச் செதிலில் மூடாமல் கிடக்கும்; மக்னோலியாவோ பூத்துக் காய்த்து விதையைப் பொதிந்து வைக்கும்; காய் கூம்பு போலிருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று வந்தவர்க்கெல்லாம் சொன்னீர்கள். வாயிலருகே இலை உதிர்க்காமல் நிற்கும் அதன் உறவுக்காரியான இன்னொரு மக்னோலியாவையும் அறிமுகப்படுத்தினீர்கள், அகன்ற இலையைத் திருப்பி அடிப்பக்கத்துப் பழுப்பு வெல்வெட்டைத் தடவிக் காட்டியபடி.

குறியைக் கழுவப் போனபோது, "இருக்கட்டும், மறந்துடுவீங்க" என்று தடுத்தீர்கள். மழையில் அது மங்கும்போதெல்லாம் நாங்களே புதுச் சுண்ணாம்பு பூசி வருகிறோம்.

இன்றும் அம்மரம் மொட்டையாக நிற்கிறது. அது பூக்கும் முன்பே நீங்கள் பணி ஓய்வு பெற்றுப் போகிறீர்கள் என்பதே எங்கள் வருத்தம். நோயின்றி, மூட்டுவலியின்றி, உங்கள் வீட்டுத் தொட்டிகளை அதட்டிக்கொண்டு நெடுநாள் வாழ்க! முதல் மொட்டு விரிந்த அன்றே சொல்லி அனுப்புவோம், தவறாமல் வர வேண்டும்.

மரத்தைப் பற்றிய கவலை வேண்டாம். இம்மடலை வாசிக்க வருமுன் எட்டுப் பேரும் ஆளுக்கொரு சுள்ளியைக் கீறிப் பார்த்தோம். எட்டும் பச்சை. ஒருத்தர் கீறினால் போதாதா என்று திட்டுவீர்கள், தெரியும்.

இங்ஙனம்,
அன்று சுண்ணாம்புக் குறி போட்டவர்கள் உட்பட,
பூங்காப் பணியாளர் எண்மர்