தெளித்த வாசல்

தைப்பொங்கல் காலை, பனி உறைந்த ரொம்மன் நிலையத்தில் மெட்ரோ ஏறிய ஒரு கணவனும் மனைவியும் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். ரயில் நகர்ந்த பிறகுதான் அவள் மெல்லச் சொன்னாள்.

"பொங்கலண்டு வாசல் தெளிக்காமல் விடேலுமே? கொஞ்சத் தண்ணிதான் தெளிச்சனான்."

"இந்தக் குளிருக்கையோ? அது இப்ப கண்ணாடி மாதிரி இறுகியிருக்குமப்பா!"

"உப்புப் போட்டனான்."

"எந்த உப்பு?"

"கறிக்குப் போடுற உப்பு. ரெண்டு பிடி."

"இந்தக் குளிருக்கு உப்பே கேக்காது. கதவடியிலை வாளி நிறையச் சல்லிக்கல்லு கிடக்குது, வழுக்காமல் இருக்க அதையெல்லோ கொட்டியிருக்க வேணும்."

அவள் கையுறையைக் கழற்றினாள், திரும்பவும் மாட்டினாள்.

"சரி, விடும். மத்தியானம் வந்து நான் கொத்தி எடுக்கிறன். அதுவரைக்கும் ஆர் வரப்போறது?"

"பக்கத்து வீட்டு மனுசி."

"அவ ஏன்? இடுப்பெலும்பு மாத்தி இப்பதானே நடக்கத் தொடங்கினவ!"

"பொங்கலை ஒரு பையிலை போட்டு எங்கடை கதவுப் பிடியிலை கொழுவிப்போட்டு, வந்து எடுங்கோ எண்டு மெசேஜ் போட்டனான்."

அவன் அவளுடைய போனைப் பறித்துப் பார்த்தான்.

"இந்தா வாறன் எண்டு போட்டிருக்கிறா."

உடனே அழைத்தான். எதிர் இருக்கையில் இருந்த எனக்கே மணி கேட்டது. அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டா" என்றாள் அவள். "போனை வீட்டிலை வைச்சிட்டுத்தான் அவ வெளிக்கிடுறவ."