இரண்டாவது ஆல்பத்துக்குப் போட்ட லீவு

மத்திகிரி டவுன் பஸ்ஸில், குழந்தையை மடியில் வைத்தபடி நான் ஒட்டுக்கேட்டது. கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்டவர் கையில் ட்ரம்ஸ் குச்சிகள். பக்கத்தில் கிட்டார் பையோடு ஓர் இளைஞர்.

“அண்ணா, உங்க கை கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் மாதிரியே ஆயிடுச்சு.”

“மொத ஆல்பத்துல நல்லாதானே இருந்துச்சு?”

“அப்ப நீங்க பிரஸ் ஷாப்புல இல்ல. ஜாஸுக்கு அடி கொஞ்சம் ஆடி அசைஞ்சு வரணும்ணா. உங்களுக்கு ஒரே சீரா விழுது.”

“ரெக்கார்டிங்குக்குன்னு ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன் தம்பி. மிஷின் பக்கமே போகலைன்னா சரியாயிடும்.”

“போன லீவுலயும் வாசிச்சுப் பாத்தோம்ணா. இந்த ஆல்பத்துக்கு பெங்களூர்ல வேற ஆள் பேசிட்டோம்.”

அவர் குச்சிகளைத் தன் பையில் போட்டுவிட்டு போனை எடுத்தார்.

“சார், எனக்கு லீவு வேணாம். நாளைக்கு மொத ஷிப்டுக்கே வந்துடறேன்.”